வாரத்திற்கு ஒரு பொட்டலம்

பிப்ரவரித் திங்கள் பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை. வானில் ஒரு துண்டு மேகமும் இல்லை. காலை எட்டு மணிக்கே வெயில் தெருவுக்கு வெள்ளையடித்தாற்போல் பரவியிருந்தது. காற்று அசையவில்லை. கொடியில் போட்ட துணி அரை மணி நேரத்தில் காய்ந்து விறைத்தது. இத்தகைய நன்னாளில், அத்தெருவின் நடுவே அமைந்த மூன்று தளக் கட்டடத்தினுள் மட்டும் குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அக்கட்டடத்தின் கீழ்த்தளம் திரைச்சீலைக் கடை, நடுத்தளம் தையற்கூடம், மேல்தளம் கடை முதலாளியின் இல்லம். துணியின் தரத்தில் ஐயம் கொள்ளும் வாடிக்கையாளரை மேலே அழைத்துச் சென்று காட்டும் பொருட்டு, இல்லத்தின் பதினொரு சன்னல்களிலும் முதலாளி தம் கடையின் மிகத் தடித்த துணியை மூன்றடுக்காகத் தொங்கவிட்டிருந்தார். நண்பகலில் அங்கு நுழைந்தோர் சுவரைத் தடவியே நடந்தனர். ஒருமுறை ஒரு கனவான், நாற்காலி என்று எண்ணி முதலாளியின் மனைவியுடைய மடியில் அமர முற்பட்டார். அன்றே அவர் தம் வீட்டின் பன்னிரண்டு சன்னல்களுக்கும் துணி சொல்லிவிட்டுப் போனார் என்பது, முதலாளி பெருமிதத்துடன் எடுத்துரைக்கும் வரலாறு ஆகும்.

தொழில் குடும்பத்திற்குள்ளேயே பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. மகன் வீடு வீடாகச் சென்று சன்னல்களை அளந்தார். முதலாளி துணியை வெட்டினார். முதலாளியின் மனைவி தையலை மேற்பார்வையிட்டார். மருமகளுக்கு வாய்த்த பணி யாதெனில், மூவரும் சேர்ந்து கெடுத்ததைத் தையற்கூடத்தின் பின்னறையில் அமர்ந்து பிரித்துத் திரும்பத் தைப்பது. நான்காண்டுக் காலம் இதையே செய்த காரணத்தால், ஒரு மடிப்பைக் கண்ட மாத்திரத்தில் அது யாருடைய கைப்பிழை என்று கண்டறியும் திறன் அவருக்குக் கைவந்திருந்தது. அத்திறனை அவர் ஒருபோதும் வெளிக்காட்டியதில்லை. ஏனெனில் அக்குடும்பத்தில் பிழை என்று ஒன்று நிகழ்ந்ததே கிடையாது. திரை குட்டையாகிப் போனால், சன்னல் வளர்ந்துவிட்டது என்று மூவரும் ஒரே குரலில் சாதித்தனர். திரை அழகாக அமைந்துவிட்டதாக யாரேனும் ஒரு சொல் புகழ்ந்துவிட்டாலோ, மூவரும் மூன்று திசையிலிருந்து ஓடி வந்து, அதற்குத் தாமே காரணம் என்று நிறுவும்வரை வாடிக்கையாளரை வெளியே விடுவதில்லை.

மருமகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. சில வாரங்களாக அவருக்கு இடுப்பெலும்பு வலித்தது; படியேறும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார். சோதனைத் தாள் அந்த வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. வைட்டமின் டி முப்பதுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தது.

வைட்டமின் டி என்பது வெயில் தோலின் மீது படுவதால் உடலில் உண்டாகும் சத்து ஆகும். உண்ணும் உணவிலுள்ள கால்சியத்தை உடல் ஏற்றுக்கொண்டு எலும்பிற்குச் சேர்ப்பதற்கு அது துணை புரிகிறது. வயிற்றிலுள்ள குழந்தையின் எலும்பும் தாயிடமிருந்தே அதைப் பெற்றாக வேண்டும். இவ்வளவையும் மருத்துவர் பொறுமையாக விளக்கி, அச்சத்துப் பொடியை வாரத்திற்கு ஒரு பொட்டலம் வீதம் எட்டு வாரங்களுக்குப் பாலில் கலந்து குடிக்கும்படியும், நாள்தோறும் சிறிது நேரம் வெயிலில் நிற்கும்படியும் எழுதிக் கொடுத்தார்.

"வாரத்துக்கு ஒண்ணு. ஞாபகம் வெச்சுக்கோங்க, ஒண்ணே ஒண்ணு," என்று அவர் விரலை உயர்த்திக் காட்டினார். "சத்துதானேன்னு கூடப் போட்டா, அது சத்து இல்ல, விஷம்."

மருமகள் வீடு திரும்பியதும் அதை ஒரு வெள்ளைத் துணித் துண்டில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் குத்தி வைத்தார். அதை மூவரும் படித்தனர். எனினும் படித்தல் வேறு, ஏற்றல் வேறு என்பதை மேற்கொண்டு காண்போம்.

சோதனைத் தாளை முதலாளி இருமுறை படித்தார். தம் தொழிலுக்கு யாரோ இழுக்குச் சொல்லிவிட்டதாகவே முதலில் அவருக்குத் தோன்றியது. பின்னர் முகம் மலர்ந்தது. மூன்றடுக்குத் திரையைத் தாண்டி ஒரு கதிர்கூட உள்ளே நுழையவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? மறுநாளே அத்தாள் கண்ணாடிச் சட்டமிடப்பட்டு, கடையில் விற்பனை மேசைக்கு மேலே மாட்டப்பட்டது. ஒன்பது என்னும் எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். வந்தவர்களிடமெல்லாம், இது தம் சொந்த மருமகளின் இரத்தம் என்றும், வேறு எந்தக் கடைக்காரராவது இப்படி ஒரு சான்றிதழ் காட்டட்டும் என்றும் சவால் விட்டார். அவ்வாரம் தடித்த துணி மிகுதியாக விற்றது.

வெயிலில் நிற்பது குறித்து மாமியார் வேறு கருத்துக் கொண்டிருந்தார்.

"வெயில்ல நிக்க வெச்சா புள்ள கரிக்கட்டையாட்டம் பொறக்கும். அப்புறம் ஊரு என்னைத்தான் கேக்கும்," என்றார்.

கூறியவருடைய நிறத்தைப் பற்றி இவ்விடத்தில் எழுதுவது பண்பாகாது. மருத்துவர் சொன்னதாயிற்றே என்று மருமகள் பணிவுடன் வாதாடியபின், ஒரு சமரசம் ஏற்பட்டது. நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் மருமகள் கடை வாசலில் வெயிலில் நிற்கலாம். அந்தப் பத்து நிமிடமும் மாமியார் அவருக்குப் பின்னால் நின்று குடை பிடித்தார். எதிர்ப்பக்கத்துச் சாவிக் கடைக்காரர் இக்காட்சியைக் காண்பதற்கென்றே தம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஆக, வெயில் இல்லை, எஞ்சியது பொட்டலம். ஞாயிறுதோறும் மருமகள் தம் கையாலேயே ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பாலில் கலந்து குடித்து, கதவிலிருந்த துணித் துண்டில் ஒரு கோடு இழுத்தார். அத்துடன் நின்றிருந்தால் இக்கதைக்கு வேலை இருந்திராது.

முதலாளிக்கு வாரத்திற்கு ஒன்று என்பது அரைகுறை வேலையாகப் பட்டது. அவர் தொழிலில் ஓர் அடிப்படை விதி உண்டு: நான்கடி சன்னலுக்கு நான்கடித் துணி வெட்டினால் அது திரையன்று, போர்வை. மடிப்பு விழ வேண்டுமானால் எட்டடி வெட்ட வேண்டும். மருத்துவர் சொன்னது சன்னலின் அளவு. துணியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் வெட்டுபவர். இவ்வாறு முடிவு செய்த அவர், மூன்று வெவ்வேறு மருந்துக் கடைகளில் அதே பொட்டலங்களை வாங்கிச் சேர்த்து, முதல் ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை தொடங்கி நாள்தோறும் காலையில் ஒன்றைப் பாலில் கலந்து தாமே மருமகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வாழ்நாளில் ஒரு தம்ளரையும் கழுவி அறியாதவர் பாலும் கையுமாக வருவதைக் கண்டு மருமகளின் கண்கள் கலங்கின. மாமனார் மனம் மாறிவிட்டார் என்று தம் தாயாருக்குத் தொலைபேசியில் சொன்னார்.

இச்செய்தியை முதலாளி தம் மனைவியிடம் கூறவில்லை. குழந்தை திடமாகப் பிறந்த பிறகு, அனைவரையும் கூட்டி வைத்துச் சொல்வதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

மாமியாரோ தம் செயலை முதலாளியிடம் கூறவில்லை. அவருடைய தருக்கம் மேலும் நுட்பமானது. பொட்டலம் தாய்க்கு எழுதிக் கொடுத்தது. அப்படியானால் குழந்தைக்கு யார் கொடுப்பது? பிறந்த குழந்தைகளுக்கெனச் சொட்டு மருந்து விற்கப்படுவதை அவர் அறிந்திருந்தார். பிறந்தபின் கொடுக்க வேண்டியதை நான்கு மாதம் முன்னதாகத் தொடங்கினால் குழந்தை நான்கு மாதம் முந்திக்கொள்ளும். எனவே நாள்தோறும் பதினொரு மணிக்குப் பழச்சாற்றில் இருபது சொட்டு விட்டுப் பின்னறைக்கு அனுப்பினார். புட்டியில் குறித்திருந்தது ஒரு சொட்டு. கைக்குழந்தையின் வயிறு சிறியது, இவளுடைய வயிறு பெரியது என்று அவர் அதற்கும் கணக்கு வைத்திருந்தார்.

மருமகளின் கணவர் ஒரு முறைப்படி இயங்குபவர். ஞாயிறுதோறும் மனைவியை நிற்க வைத்து, சன்னல் அளக்கும் எஃகு நாடாவால் வயிற்றின் சுற்றளவை அளந்து, அளவுக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதினார். ஒரு வாரம் வளர்ச்சி கால் அங்குலம் குறைந்தது. அவர் கலங்கிப்போய், சத்து மிட்டாய்கள் ஒரு டப்பா வாங்கி வந்தார். டப்பாவின் மேல் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. மருந்து என்றால் மனைவி மறுப்பார் என்பதால் மேலுறையைக் கிழித்தெறிந்துவிட்டு, வாந்திக்கு நல்லது என்று சொல்லி, இரவு உணவிற்குப் பின் ஆறு மிட்டாய் கொடுத்தார். பெற்றோரிடம் இவரும் கூறவில்லை. வாழ்க்கையில் ஒரு முறையாவது அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் அவா.

இங்ஙனம் ஒரு பெண்ணின் வயிற்றை மூன்று கைகள், ஒன்றை ஒன்று அறியாமல், நிரப்பிக்கொண்டிருந்தன.

மார்ச்சு நடுவில் மருமகளுக்கு அடங்காத் தாகம் எடுத்தது. குடம் குடமாகக் குடித்தார். குடித்ததும் கழிப்பறைக்கு ஓடினார். குறைந்திருந்த வாந்தி பெருகியது. மலச்சிக்கல் ஏற்பட்டது. நாற்காலியில் அமர்ந்தவாறே தூங்கிப் போனார். ஒரு நாள், பிழையான தையலை விட்டுவிட்டு நல்ல தையல் முழுவதையும் பிரித்துப் போட்டிருந்தார். தம் கையையே நம்ப முடியாதவராய்ப் பிரித்த நூலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரிடம் சொன்னபோது, ஆறாம் மாதம் அப்படித்தான் இருக்கும் என்றும், தாம் ஒன்பது மாதமும் வாந்தியெடுத்துக்கொண்டே துணிப் பொதி தூக்கியவர் என்றும் விடை கிடைத்தது. கணவர், தண்ணீர் குடிப்பது நல்ல பழக்கம் என்றார்.

தளர்ச்சியைக் கண்ட மூவரும், சத்துப் போதவில்லை என்று தனித்தனியே முடிவு கட்டினர். முதலாளி பொட்டலத்தை இரண்டாக்கினார். மாமியார் சொட்டை நாற்பதாக்கினார். மிட்டாய் பத்தாயிற்று.

மார்ச்சு இருபத்தேழாம் நாள், திங்கட்கிழமை காலை, மருமகள் தையல் பொறியின் மீதே சரிந்து விழுந்தார்.

மருத்துவமனையில் மூன்றாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது. இரத்தத்தில் கால்சியம் பத்தரையைத் தாண்டலாகாது. அவருக்குப் பதின்மூன்றரை இருந்தது. கையில் ஊசி ஏற்றி உப்பு நீர் செலுத்தத் தொடங்கினர். மருத்துவர், பொட்டலத்தை எப்படிக் குடித்தீர்கள் என்று கேட்டார். வாரத்திற்கு ஒன்றாக இதுவரை ஆறு என்று மருமகள் கூறினார். கதவிலிருந்த துணித் துண்டைக் கொண்டுவரச் சொல்லி ஆறு கோடுகளையும் காட்டினார். ஆறு பொட்டலத்தால் இப்படி ஆகாது என்று மருத்துவர் புருவத்தைச் சுருக்கினார்.

இரத்தத்திலுள்ள வைட்டமின் டி அளவும், கழுத்துச் சுரப்பியின் அளவும் வெளியூர் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு வர ஐந்து நாள் ஆகும். அதுவரை கைகட்டிக் காத்திருக்க இயலாது. மருந்து காரணமில்லை என்றால், எஞ்சிய காரணம் ஒன்றுதான்: இரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும், கழுத்திலுள்ள சுரப்பி கெட்டிருக்க வேண்டும். கால்சியம் இறங்காவிட்டால் வியாழக்கிழமை கழுத்தைத் திறந்து அறுவை செய்ய நேரிடலாம். ஆறு மாத வயிற்றுடன் மயக்க மருந்து கொடுப்பதில் தாய்க்கும் சேய்க்கும் உள்ள ஆபத்தை மருத்துவர் மறைக்கவில்லை.

அறுவை மருத்துவர் ஒருவர் வந்து, மருமகளின் கழுத்தைத் தடவிப் பார்த்து, நீல மையால் குறுக்கே ஒரு கோடு வரைந்துவிட்டுப் போனார்.

அதன்பின் மருத்துவர் குடும்பத்தாரை நோக்கினார்.

"நீங்க யாராவது வேற ஏதாவது குடுத்தீங்களா? மருந்து, சத்து மாவு, டானிக்கு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

மூவரும் இல்லை என்று தலையசைத்தனர். அவர்களைக் கொடியவர் என்று கருதுவது தவறு. நாம் கொடுத்தது சிறிதளவு, அது நல்லதுதானே செய்யும், இதைச் சொல்லப்போய் வீண்பழி ஏன் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். மற்ற இருவரும் கொடுத்தது எவருக்கும் தெரியாது. முதலாளி ஒரு படி மேலே சென்று, கழுத்துதானே, தழும்பு தெரியாமல் தைப்பார்களா என்று விசாரித்தார்.

மருமகள் படுத்தவாறே அவர்களைப் பார்த்தார். முதலாளி மருத்துவமனைத் திரையின் ஓரத்தைப் பிடித்துச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். மாமியார் கைப்பையைத் திறந்தார், மூடினார், திறந்தார். கணவர் தீ விபத்தின்போது செய்ய வேண்டியவை என்னும் அறிவிப்பை இரண்டாம் முறை படித்தார். தையல் கெட்டுப்போன ஒவ்வொரு நாளும் இம்மூவரும் இவ்வாறுதான் நின்றிருந்தனர். அவர் வேறொன்றையும் சிந்தித்தார். காலையில் பால் கொண்டு வந்தவர் யார்? பதினொரு மணிக்குச் சாறு அனுப்பியவர் யார்? வாந்திக்கு நல்ல மிட்டாய் தின்ற அன்றெல்லாம் வாந்தி ஏன் நிற்கவில்லை?

நேரடியாகக் கேட்டால் சன்னல் வளர்ந்துவிட்டது என்ற விடையே வரும் என்பதை அவர் நன்கறிவார். வயிற்றிலோ குழந்தை, கழுத்திலோ கோடு. நாள் மூன்றே இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவர் தனியே வந்தபோது மருமகள் அவரை அருகில் அழைத்தார். வயிற்றுக் குழந்தையின் வளர்ச்சி எப்படி இருக்கிறது என்று வினவினார். நன்றாக இருக்கிறது, தொடையெலும்பு நல்ல நீளம் என்று மருத்துவர் சொன்னார்.

"அதை மட்டும் அவங்க முன்னாடி சொல்லுங்க டாக்டர். சொல்லிட்டு, யாரால இப்படி வளர்ந்துச்சுன்னு கேளுங்க."

"கேட்டா?"

"நீங்க எழுதிக்க ஒரு தாள் மட்டும் எடுத்துட்டு வாங்க."

மருத்துவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டார். பின் செவிலியரை உடன் அழைத்துக்கொண்டு, குடும்பத்தாரை உள்ளே வரச் சொன்னார். குழந்தையின் எலும்பு வளர்ச்சி தாம் கண்டவற்றுள் சிறப்பானது என்றார். இப்படிப்பட்ட வளர்ச்சி தானாக வராது என்றும், வீட்டில் யாரோ கண்ணும் கருத்துமாகக் கவனித்திருக்க வேண்டும் என்றும், அந்தப் பெருமைக்குரியவர் யார் என்று அறிய விரும்புவதாகவும் கூறினார்.

 முதலாளி தொண்டையைச் செருமினார்.

"நான் இதை வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றார், சொல்வதற்காகவே பிறந்தவர்போல. "தினமும் காலையில பால்ல ஒரு பொட்டலம். என் கையால. கடைசிப் பத்து நாள் ரெண்டு ரெண்டு."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பால்ல போட்டதெல்லாம் இவ உடம்புக்குப் போயிருக்கும். புள்ளைக்குப் போனது என் சொட்டு மருந்து. பொறந்த புள்ளைக்குக் குடுக்கிற மருந்தே அதுதான். நீங்க பால் ஆத்திக் குடுத்துட்டா எலும்பு வளர்ந்துடுமா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க," என்றார் கணவர். அவர் குரலில் வழக்கத்திற்கு மாறான உறுதி இருந்தது. "வயிறு கால் அங்குலம் கொறைஞ்சது மார்ச் அஞ்சாம் தேதி. மிட்டாய் ஆரம்பிச்சது அன்னைக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை முக்கால் அங்குலம் கூடியிருக்கு. என்கிட்ட நோட்டு இருக்கு."

செவிலியர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதுகிறார்கள் என்பதைக் கண்டதும் மூவருக்கும் ஊக்கம் மிகுந்தது. வாய்ச்சொல் போதாதென்று ஒவ்வொருவரும் சான்று கொணரப் புறப்பட்டனர். முக்கால் மணி நேரத்தில் முதலாளி ஒரு தடித்த புத்தகத்துடன் திரும்பி வந்தார். துணிக் கடைகளில் மாதிரித் துண்டுகளைக் குண்டூசியால் குத்தித் தேதியிட்டு வைக்கும் புத்தகம் அது. அதில் வரிசைக்கு நான்காக, காலிப் பொட்டலங்கள் தேதியுடன் குத்தப்பட்டிருந்தன. நாற்பத்தாறு. மாமியார் கைப்பையைக் கவிழ்த்தார். ஐந்து காலிப் புட்டிகள் கட்டிலில் உருண்டன. கணவர் அளவுக் குறிப்பேட்டை விரித்து, வயிற்றின் அங்குலத்திற்கு எதிரே மிட்டாயின் எண்ணிக்கை எழுதப்பட்டிருப்பதைச் சுட்டினார்.

மருத்துவர் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவரது முகத்திலிருந்த பாராட்டு மெல்ல மெல்ல இறங்கியது. இறுதியில் புத்தகத்தை மூடினார்.

"இவங்க குடிச்ச ஆறு, நீங்க குடுத்த நாப்பத்தாறு. மொத்தம் அம்பத்திரண்டு. ஒரு வருஷத்துக்கு உள்ளதை அஞ்சு வாரத்துல குடுத்திருக்கீங்க. சொட்டும் மிட்டாயும் தனி." அவர் குரல் உயரவில்லை. "நேத்து இதைச் சொல்லியிருந்தா இவங்க கழுத்துல அந்தக் கோடே விழுந்திருக்காது."

பரிசளிப்பு விழாவிற்கு வந்தவர்களிடம், இது வேறு கூட்டம் என்று சொன்னாற்போல் மூவரும் நின்றனர். எனினும் மீண்டெழும் ஆற்றல் அக்குடும்பத்திற்கு இயல்பாகவே உண்டு. ஐம்பத்திரண்டில் தம் பங்கு வெறும் நாற்பதே இருக்கும், சில பொட்டலங்கள் பாலின் அடியில் தங்கிப்போயின என்று முதலாளி தொடங்கினார். தாம் கொடுத்தது குழந்தைக்கு, மருமகளுடைய இரத்தத்தில் அது எப்படி வரும் என்று மாமியார் வினவினார். மிட்டாய் என்பது மருந்தே அன்று, தின்பண்டம் என்று கணவர் விளக்கினார். சற்றுமுன் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்ட பெருமையை இப்போது ஒருவர் மடியில் ஒருவர் தள்ளினர். பொட்டலத்தின் மேல் பெரிதாக எழுதியிருந்தால் தமக்குத் தெரிந்திருக்குமே என்று முதலாளி மருந்து நிறுவனத்தின் மீது பாய்ந்தார். செவிலியர் புத்தகத்தைத் திறந்து ஒரு பொட்டலத்தைக் காட்டினார். வாரத்திற்கு ஒருமுறை மட்டும் என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது. முதலாளியின் குண்டூசி அவ்வரியின் நடுவே குத்தப்பட்டிருந்தது. நாற்பத்தாறிலும் அவ்வாறே.

மருமகள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மாமா, நேத்து என் கழுத்துல கோடு போட்டாங்க. நீங்க மூணு பேரும் பக்கத்துலதான் நின்னீங்க. தழும்பு தெரியுமான்னு கேட்டீங்களே தவிர, பால்ல என்ன போட்டேன்னு சொல்லத் தோணலையா?"

முதலாளி வாயைத் திறந்தார். சன்னலைப் பழி சொல்லலாம் என்றால் அந்த அறையில் இருந்த சன்னல் சரியான அளவில் இருந்தது. அவர் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மாமியார் உருண்டு கிடந்த புட்டிகளைப் பொறுக்கினார். ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. கணவர் குறிப்பேட்டைச் சட்டைக்குள் மறைத்தார்.

அறுவை மருத்துவருக்கு அன்றே செய்தி அனுப்பப்பட்டது. வியாழக்கிழமை எவரும் கத்தியுடன் வரவில்லை. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகத் தரும் கால்சியம் மாத்திரைகளும் நிறுத்தப்பட்டன. உணவில் பால் நீக்கப்பட்டது. உப்பு நீர் இரவும் பகலும் இறங்கியது. உடலில் சேர்ந்த வைட்டமின் கொழுப்பில் பதுங்கிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியேறும் என்பதால், வீடு திரும்பிய பின்னும் நான்கு நாட்களுக்கு ஒருமுறை இரத்தச் சோதனை வேண்டும் என்று மருத்துவர் கூறினார். உறவினர் எப்பொருளையும் கொடுக்கலாகாது என்று தாளில் அச்சிட்டு அறைக் கதவில் ஒட்டினர். மூவர் வரும்பொழுதெல்லாம் செவிலியர் ஒருவர் காரணமின்றி அறைக்குள் வந்து எதையேனும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

எண்கள் நாள்தோறும் இறங்கின. பன்னிரண்டே முக்கால். பன்னிரண்டு. பதினொன்றரை. மருமகள் அவற்றைத் தாமே கேட்டு அறிந்து, மனப்பாடமாக வைத்திருந்தார். தாகம் தணிந்தது. சனிக்கிழமை முதன்முறையாகப் பசி எடுத்தது. வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைத் திறக்காமலேயே திருப்பியனுப்பிவிட்டு, மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையிலிருந்து உப்பில்லாத சோற்றை வரவழைத்து, கடைசிப் பருக்கைவரை உண்டார்.

ஏப்ரல் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வெளியூர் ஆய்வகத்தின் முடிவு வந்தது. கழுத்துச் சுரப்பியில் யாதொரு குறையும் இல்லை. வைட்டமின் டியின் அளவு, கருவி அளக்கக்கூடிய எல்லையையே தாண்டியிருந்தது. அன்று பிற்பகல் எடுத்த இரத்தத்தில் கால்சியம் பத்தேகால். மருத்துவர் கருவியை வயிற்றில் வைத்து, குழந்தையின் இதயத் துடிப்பை அறை முழுவதும் கேட்கும்படி ஒலிக்கச் செய்தார். மருமகள் கண்களை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். பிறகு மருத்துவர், நாளைக்கு வீட்டிற்குச் செல்லலாம் என்றார். எந்த மருந்தையும் நான் எழுதித் தந்து, நீங்கள் உங்கள் கையால் எடுத்தாலன்றி விழுங்கக் கூடாது என்றும் சொன்னார். செவிலியர் மருமகளின் கையிலிருந்த ஊசியை உருவி எடுத்து, பஞ்சை வைத்து ஒட்டினார். ஈரத் துணியால் கழுத்திலிருந்த நீலக் கோட்டையும் துடைத்தார். அது ஒரே துடைப்பில் போகவில்லை. மூன்று முறை தேய்க்க வேண்டியிருந்தது.

நாளை எந்த வீடு என்பதை மருமகள் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள தம் தாயாரை அவர் அன்று காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்.

கதவு ஓரத்தில் கணவரின் தலை தெரிந்தது. முகம் மழிக்கப்படவில்லை. பெற்றோர் கீழே கூடத்தில் இருப்பதாகவும், தாம் மட்டும் வந்திருப்பதாகவும் தெரிவித்தார். செவிலியரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"உள்ள வரலாமா?"

மருமகள் சாய்ந்தமர்ந்து, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"கையைக் காட்டிட்டு வாங்க."

அவர் இரு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினார். பின்னர், கேட்காமலேயே சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். அப்போது மாலை நான்கு மணி பதினேழு நிமிடம்.